பல்லி சொல்லாத வீடு

வீடு வீடாகப் போய்த் தொட்டியிலும் டிரம்மிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுகிற பெண்பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். போன வாரம் நீங்கள் நாலு பேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கேட்டைத் திறக்காமல் நின்றாள். நீங்கள் ஊற்றுகிற மருந்து அவள் தொட்டியில் வளர்க்கிற மீனை ஏதாவது செய்யுமா என்று கேட்டாள். உங்களில் சின்னவள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று பட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு ஏனோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் கொசு டிபார்ட்மெண்டில் இருந்து ரிட்டயர் ஆனவள்தான். படிப்பு பெரிதாக இல்லை. எங்கள் ஊர் ஆவூரில் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த எழுத்தோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது, நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் கழித்து, ஐம்பதுகளில் இங்கே வீட்டுக்கு வீடு டிடிடி கொசுமருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு முறைக்காய்ச்சல் என்றால், இப்போது மலேரியா என்கிறார்களே அதுதான், என்ன பாடு என்று உங்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்த மாதிரி அதே பொழுதுக்குக் குளிர் வரும். சாக்கு மேல் சாக்காகப் போர்த்தி மேலே ஆள் ஏறிப் படுத்தாலும் கட்டில் ஆடும். பிறகு கொதிக்கும். பிறகு வேர்த்து ஊற்றும். மறுநாள் எழுந்து நல்ல ஆள் மாதிரி வயலுக்குப் போவார்கள். அதற்கடுத்த நாள் திரும்பக் குளிர் வந்து நிற்கும். வயிற்றில் கட்டி வைத்து, நகம் வெளுத்து, நட்ட வயலில் களை எடுக்க ஆள் இல்லாமல் கிடந்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காய்ச்சலைத் துரத்தியவர்களில் நானும் ஒருத்தி. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதே இல்லை.

மருந்தடிக்கிற கோஷ்டியில் எல்லாரும் ஆண்கள். ஒருவர் வாளியில் மருந்தைக் கரைத்து வைத்துக்கொண்டு பம்பை அழுத்துவார். இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துச் சுவரில் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே போவார். அடுப்படிக்குள் அந்நிய ஆம்பளையை யார் விடுவார்கள்? கோஷ்டி தெருவுக்குள் நுழையும்போதே உள்ளே தாழ்ப்பாள் விழும். அதனால் எங்கள் மலேரியா இன்ஸ்பெக்டர், முன்னால் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும் என்று மேலே கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கோஷ்டி வருவதற்கு முந்தின நாளே நான் போய்விடுவேன். தண்ணீர்ப் பானையை மூடச் சொல்வேன், அரிசி பருப்பையும் தொட்டில் துணியையும் சாமி படத்தையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்வேன். என் வாய்க்கு அந்தச் சரகம் முழுக்கப் பெயர். நான் பேசித் திறக்காத கதவு அரிமளத்துக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

கதவு திறக்க நான் வைத்திருந்த சாவி ஒரே ஒரு வார்த்தை. நிக்கும். "ஒரு தடவை அடிச்சா ஆறு மாசம் சுவர்லயே நிக்கும் ஆத்தா. வேப்பிலைப் புகை மாதிரி போட்டதும் போயிடாது." அதைக் கேட்டதும் பெண்களுக்கு முகம் மலரும். எங்களுக்கும் மேலே அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். கூடவே, மனுஷனுக்கும் வளர்க்கிற பிராணிக்கும் ஒன்றும் செய்யாது என்றும் சொல்லச் சொன்னார்கள். மருந்து நிற்க வேண்டும் என்றால் ஒரே ஒரு கட்டுப்பாடு. அடித்த சுவரில் ஆறு மாசத்துக்கு வெள்ளையடிக்கக் கூடாது, மண்ணோ சாணமோ பூசக் கூடாது. பூசினால் மருந்து அடியில் போய்விடும், கொசு மேலே சுகமாக உட்கார்ந்திருக்கும்.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுதவில்லை, எழுதினால் கூச்சப்படுகிற மனிதர். கும்பகோணம் பக்கத்துக்காரர், என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் மூத்தவர். வெயிலில் நடந்து நடந்து மூக்கில் எப்போதும் தோல் உரிந்திருக்கும். நாய் என்றால் உயிர் போய்விடும். தெரு முனையிலேயே நின்று, "சவரியம்மா, நாய் கட்டியிருக்கா பாருங்க" என்பார். அப்படிப்பட்டவர் மாட்டுக் கொட்டகைக்குள் குனிந்து போய்க் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து ஒவ்வொரு கொசுவாக உறிஞ்சி எடுப்பார். கொட்டகையில் பிடித்தது, அடுப்படியில் பிடித்தது என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு, பால் வாங்க வந்தவரைப் போல வீட்டுக்காரியோடு சாவகாசமாகப் பேசுவார். அவர் யாரையும் வைது நான் கேட்டதில்லை. படித்தவன் என்று காட்டிக்கொண்டதும் இல்லை.

முதல் சுற்று அடித்து முடித்ததும் எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொசு போனது மட்டுமா? மூட்டைப்பூச்சி போயிற்று, ஈ போயிற்று. கயிற்றுக் கட்டிலில் பிள்ளைகள் புரளாமல் தூங்கினார்கள். நான் தெருவில் நடந்தால் மோர் கொடுக்காமல் விட மாட்டார்கள்.

அரிமளத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே கருப்பாயி என்று ஒரு சம்சாரி வீட்டுப் பெண், விவசாயக் குடும்பம், புருஷன் இல்லாதவள். ஒரே மகள் பொன்னழகு, என் வயசுதான் அவளுக்கும். அந்தப் பெண் ரெண்டு வருஷம் முறைக்காய்ச்சலில் கிடந்து முடியெல்லாம் கொட்டி, எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் மருந்து அடித்தோம், மாத்திரையும் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவளுக்குக் குளிர் வரவில்லை. முடி வளர்ந்தது, கன்னம் வந்தது. கருப்பாயி என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளி செவ்வாயில் விளக்கேற்றும்போது மருந்துக்கறை படிந்த சுவருக்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள். நானே பார்த்தேன்.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு உண்டா? ஊர் முழுக்க மருந்துக்கறையைச் சுரண்டி, மண் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். அடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வந்தால் காட்டுவதற்காக, மண் பூசிய இடத்தில் அரிசிக் கழுநீரைக் கெட்டியாகத் தெளித்து வைத்தார்கள். காய்ந்தால் பார்க்க மருந்துக்கறை மாதிரியே இருக்கும். கருப்பாயி மட்டும் அடிக்கவில்லை. பொங்கலன்றைக்கு அவள் வீடு மட்டும் கறை பிடித்த சுவரோடு மூதேவி மாதிரி நின்றது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாளாம். "எம் மக நிக்கிறாள்ல, அது போதும்" என்றாளாம் இவள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கருப்பாயி வீட்டில் காலையில் பெருக்கும்போது பல்லி விழுந்து கிடக்கும். உயிர் இருக்கும், ஓடத் தெரியாது. அவள் வளர்த்த பூனை அவற்றை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றது. கொஞ்ச நாளில் அந்தப் பூனைக்கு நடுக்கம் கண்டது. காலை ஊன்ற முடியாமல், உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடி, ரெண்டு நாளில் செத்தது. ஊரில் இதைச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். பொன்னழகு காய்ச்சல் பூனைக்கு மாறிவிட்டது, இனிமேல் அந்தப் பிள்ளைக்கு வராது என்றார்கள். நடுக்கத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பூனை போனதும் எலி வந்து நெல்லுக் குதிரில் ஓட்டை போட்டது, அதற்கு மட்டும் யாரும் காரணம் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் அறந்தாங்கிப் பக்கமிருந்து பொன்னழகைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், சொந்தமாக ஏர் வைத்திருந்தான். அவனுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். அந்தப் பெரியப்பா கவுளி கேட்காமல் கன்றுக்குட்டிகூட வாங்க மாட்டார். கவுளி என்றால் பல்லிதான். நல்ல பேச்சுப் பேசும்போது சுவரில் பல்லி சொல்ல வேண்டும், எந்தத் திக்கில் சொல்கிறது என்று பார்த்துச் சரி என்பார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள், எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிக்கொள்வோம். ஆனாலும் பேச்சுக்கு நடுவில் பல்லி சத்தம் போட்டால் தரையைத் தட்டாத விரல் ஆவூரிலும் கிடையாது.

பெண்ணை எல்லாருக்கும் பிடித்திருந்தது. தேதி பேச உட்கார்ந்தார்கள். பெரியப்பா கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார். கவுளி சொல்லட்டும் என்றார். மத்தியானம் வரைக்கும் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு சத்தம் இல்லை. போகிற வழியில் தாகத்துக்குப் பக்கத்து வீட்டில் செம்பை வாங்கி வாயில் வைக்கிறார்கள், தலைக்கு மேலே பல்லி சொல்லுகிறது. பெரியப்பா முகம் மாறிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வருகிறேன், அன்றைக்கும் இப்படியே இருந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. கவுளிகூட வாய் திறக்காத வீடு, அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் உள்ளே இருக்கிறது போல என்று. இந்த இடம் தட்டிப்போனால் இனி ஒருவரும் படியேற மாட்டார்கள் என்பது கருப்பாயிக்குத் தெரியும்.

அவள் என்னைத் தேடி எங்கள் கேம்ப்புக்கு வந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி.

"ஏ சவரி, ஒன் மருந்தை நீயே எடுத்துக்க. எனக்கு வேணாம்" என்றாள்.

தீப்பெட்டியைத் திறந்தால் செத்த பல்லி. விஷயம் என்னவென்றால், இவள் மருந்து அடிக்காத மாட்டுக் கொட்டகையில் ஒரு பல்லியைக் கூடை போட்டுக் கவிழ்த்துப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் விட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சொன்னால் போதுமே. மேலே விழுந்தாலே பலன் பார்க்கிற பல்லியை அவள் கையால் தொட்டுப் பிடித்திருக்கிறாள் என்றால், மனசு எந்தப் பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள். அந்தப் பல்லியும் பூனை மாதிரியே நடுங்கி, மல்லாந்து விழுந்துவிட்டது.

"நீ ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே வெள்ளையடிச்சுடுறேன். ஒன்னைக் கேக்காம அடிக்க மாட்டேன்."

நான் அவளை இன்ஸ்பெக்டரிடம் கூட்டிப்போனேன். கோஷ்டிக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. வெள்ளையடிக்கச் சொல்லுங்கள் சார், ரெண்டு பல்லியைப் பிடித்து நாங்களே விடுகிறோம், கல்யாணம் முடியட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள். அது சுலபமான வழிதான். இன்னொரு சுலபமான வழியும் அவருக்கு இருந்தது. பல்லி சொல்வதாவது, மூடப் பேச்சு என்று அந்தப் பெரியப்பாவிடம் பிரசங்கம் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். அந்தக் காலத்துப் படித்தவர்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவர் தீப்பெட்டியை வாங்கி அந்தப் பல்லியை வெகு நேரம் பார்த்தார். பூனை எப்படிச் செத்தது என்று கருப்பாயியிடம் கேட்டார். எத்தனை பல்லி தின்றது, எப்போது நடுங்க ஆரம்பித்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, "அம்மா, வெள்ளையடிக்க வேண்டாம். திரும்பக் காய்ச்சல் வந்தா என்னால தாங்க முடியாது. வெள்ளிக்கிழமை நான் வர்றேன்" என்றார்.

கருப்பாயி போன பிறகு நான் அவரைக் கேட்டேன். அடுத்த சுற்று அடிக்கப் பத்து நாள்கூட இல்லை. பிராணிக்கு ஒன்றும் செய்யாது என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களே போய் வேறு மாதிரி சொன்னால் ஒரு கதவு திறக்குமா, திருச்சியில் இருந்து பெரிய ஆபீசர் வந்து கேட்டால் வேலை இருக்குமா என்றேன். அவர் சொன்னார்: "நீங்க பேசித் திறந்த கதவு சவரியம்மா. பொய்னு தெரிஞ்ச பிறகும் அதையே சொல்லிக்கிட்டு உங்களை நான் எப்படி அனுப்புவேன்?"

அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்குக் கீழே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாளி தூக்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கருப்பாயி வீட்டில் கால் வைக்க இடம் இல்லை. வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. பெரியப்பா நடுவில் உட்கார்ந்து பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி வாசலில் கருப்பாயியோடும் பொன்னழகோடும் நின்றேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தேன், அது காய்ச்சல் இல்லாமலே குளிர்ந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஓரமாக, நாய் வராத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பெரியப்பா சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசினார். "அங்கிட்டு அந்த வீட்டுல தண்ணி குடிக்கையிலேயே சொல்லுச்சு. இந்த வீட்டுல மட்டும் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்குது? நான் பொண்ணைக் குத்தம் சொல்லலை. காரணம் வேணும்."

"சொல்றதுக்கு ஆள் இல்லைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆளை நாங்க கொன்னுட்டோம்."

 அவர் தீப்பெட்டியைத் திறந்து பெரியப்பா முன்னால் வைத்தார்.

"பூச்சி இந்தச் சுவர்ல உக்காந்து துளி மருந்தை ஒட்டிக்கிட்டுப் போகுது. பல்லி அந்த மாதிரி எத்தனையோ பூச்சியைத் திங்குது. அத்தனை பூச்சியோட துளியும் ஒரு பல்லிக்குள்ள சேர்ந்துடுது. பூனை அந்தப் பல்லிகளைத் தின்னுச்சு. கடைசியில எல்லாம் பூனைக்குள்ள. அப்படித்தான்னு நான் நினைக்கிறேன். இந்த அம்மா விட்ட பல்லியையும் பார்த்தேன், அதுக்கு அப்புறம் வேற மாதிரி நினைக்க முடியலை."

பின்னால் இருந்து ஒருவர், "அப்ப அந்தப் பூனையைப் புடிச்சுத் தின்னவன் கதி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியலைங்க" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுலயுந்தான் அடிச்சீங்க. எங்க கவுளி நல்லாத்தானே இருக்கு?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். குரல் ஏறவே இல்லை. "பொங்கலுக்கு வெள்ளையடிச்சீங்களாம்மா?"

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை, பொன்னழகு தோளில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஊர்ல எல்லாருந்தான் அடிச்சாங்க" என்றார் அவர். "மேல கழுநீர் தெளிச்சிருந்தாங்க. மருந்துக்கு ஒரு வாசனை உண்டு, கழுநீர் வேற மாதிரி புளிச்சு வரும். நான் கேக்கலை, பொங்கல் நாள்ல கேக்க மனசு வரலை. அந்த வீட்டுல எல்லாம் பல்லி திரும்ப வந்துடுச்சு. இந்த அம்மா ஒருத்தர்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்க. அதனாலதான் இந்த வீட்டுல பல்லி இல்லை."

பெரியப்பா எழுந்தார். சுவருக்குப் போய்க் கறையை விரலால் தேய்த்து, முகர்ந்து, துண்டில் துடைத்தார். "இது எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

"ஆறு மாசம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. அதுக்கு அப்புறம் எங்க போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. தெரியாதுங்க."

"பொண்ணுக்கு?"

இந்தக் கேள்விதான்.  ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்துவிடும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"காய்ச்சல் இருந்திருந்தா இந்தப் பொண்ணு இருந்திருக்காதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். மருந்தடிச்ச வீட்டுல இருக்கிற யாருக்கும் இதுவரைக்கும் கெடுதல் வந்து நான் பார்க்கலை. நானும் எங்க ஆளுங்களும் தினம் இதுலதான் நிக்கிறோம். அதுக்கு மேல தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி ஒரு கல்யாணத்தை நான் முடிக்க மாட்டேன்."

பெரியப்பா திரும்பி வந்து குனிந்தார். தீப்பெட்டியில் கிடந்த பல்லியைப் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"கவுளி ஒரு சத்தம் போட்டா நல்ல வீடும்போம். இங்க அது உசிரையே விட்டுச் சொல்லியிருக்கு, இது சொன்ன சொல் தவறாத வீடுன்னு. இதுக்கு மேல என்ன கேக்கிறது? தட்டை மாத்துங்க."

கருப்பாயி தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே ஓடினாள். பொன்னழகு மட்டும் என் காதில், "அப்ப கல்யாணத்துக்காவது வெள்ளையடிக்கலாமான்னு கேளுக்கா" என்றாள். கேட்டேன். வெளிச்சுவருக்கு மட்டும் அடித்துக்கொள்ளுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அந்தக் கல்யாண வீடு வெளியே பளிச்சென்றும் உள்ளே கறையோடும்தான் நின்றது.

அதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஊரில் பாதிப் பெண்கள் எனக்கு மோர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், கழுநீர் விஷயத்தை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று. அடுத்த சுற்றில் சில வீடுகள் திறக்கவே இல்லை. பெரிய ஆபீசர் வந்து இன்ஸ்பெக்டரை எங்கள் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திப் பேசினார். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார், சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் ஒரு வித்தியாசம் வந்தது. கதவைத் திறந்து, பூனையை எங்கே கட்டட்டும், கோழியை எத்தனை நாள் அடைக்கட்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு கழுநீர் தெளிக்கவில்லை.

எங்கள் கோஷ்டியிலும் சில வழக்கங்களை அவர் கொண்டுவந்தார். அடித்த மறுநாள் விழுந்து கிடக்கிற பூச்சி பல்லி எல்லாவற்றையும் கூட்டிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், கோழிக்குப் போடக் கூடாது. வாளியையும் பம்பையும் ஊருணியிலோ கண்மாயிலோ கழுவக் கூடாது. யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பல்லிக்கு நடந்தது மீனுக்கும் நடக்கும், மீன் தின்கிற கொக்குக்கும் நாரைக்கும் நடக்கும் என்று அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டார். மிச்சக் கரைசலைத் தண்ணீர் ஓடாத மேட்டில் குழி வெட்டி ஊற்றுவோம். வெயிலில் அந்தக் குழி வெட்ட எங்கள் ஆட்கள் அவரை வையாத வசவு இல்லை. பிறகு அவர் மாற்றலாகி மலைப்பக்கம் போய்விட்டார். நான் ரிட்டயர் ஆகிறவரை அந்த வழக்கத்தை யாரையும் மீற விடவில்லை.

இப்போது நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிற டாக்டரம்மாவிடம் போன மழைக்கு முன்னால் பிரஷர் பார்க்கப் போனேன். பழைய கதை பேசினோம். அவர் சொன்னார், அந்த மருந்து தண்ணீரில் கரையாதாம், கொழுப்பில் போய்த் தங்குமாம். பூண்டு வாசம் எண்ணெயில் ஏறினால் போகாத மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். கழுகுக்குள் சேர்ந்து அது இட்ட முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நசுங்கிப் போனதாம். ஒரு நாளும் மருந்தே அடிக்காத பனிப் பிரதேசத்தில் இருக்கிற கரடிக்குள்ளும் இருக்கிறதாம். காற்றிலும் கடலிலும் மீனிலும் ஏறி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நாங்கள் வாளியோடு கடலோரத்து மீமிசலுக்கு அப்பால் போனதில்லை. தாய்ப்பாலிலும் இருந்திருக்கிறதாம்.  உங்கள் உடம்பிலும் இன்னும் இருக்கும் பாட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் காய்ச்சலைத் துரத்தியதற்கு நான் இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன், உள்ளே அது இருக்கிறது என்பதற்காகக் குனியப் போவதில்லை. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், அது இன்னும் டூட்டியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் பெண்பிள்ளைகளே, இன்னொரு தடவை மீன் தொட்டிக்காரி கேட்டால் அவசரப்படாதீர்கள். இன்றைக்கு நீங்கள் ஊற்றுவது வேறு மருந்து, அதைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேட்டுவந்து சொல்கிறேன் என்று சொல்லிக் கேட்டு வாருங்கள். கதவு அன்றைக்குத் திறக்காமல் போகலாம். எங்கள் இன்ஸ்பெக்டர் மூடவைத்த கதவுகளைக் காட்டிலும் அவர் திறந்து வைத்துவிட்டுப் போனவை அதிகம்.

டாக்டரம்மா சொன்னதை நேரில் சொல்ல வேண்டும் என்று அறந்தாங்கி பஸ் ஏறிப் பொன்னழகைப் போய்ப் பார்த்தேன். அவளும் என்னைப் போலக் கிழவியாகிவிட்டாள். பேரன் பேத்தி எல்லாம் எடுத்தாயிற்று. கருப்பாயி போய்விட்டாள், அந்தப் பெரியப்பாவும் இல்லை, அந்த வீட்டையும் இடித்துக் காங்கிரீட் போட்டுவிட்டார்கள்.

"ஒங்க பெரியமாமனார் அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு இப்பத்தான் பதில் வந்திருக்கு" என்றேன்.

"எந்தக் கேள்வி?"

"எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு கேட்டாருல்ல?"

"அந்தச் சுவரே இடிஞ்சு போச்சு. அது எங்கிட்டுக்கா நிக்குது?"

"ஒனக்குள்ளயும் எனக்குள்ளயும். நம்ம இருக்கிற வரைக்கும் நிக்குமாம்."

 பொன்னழகு பவுடர் போடாத தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"நல்லவேளை," என்றாள். "ஆத்தா சுவரை வச்சிருந்த மாதிரி நானும் இன்னும் வெள்ளையடிக்காமத்தான் வச்சிருக்கேன்."